எழுப்பிவிடும் பென்டிரைவ்

பழவேற்காட்டிலிருந்து பொன்னேரிக்குப் போகிற பஸ்ஸில் மீன்கூடையோடு ஏறினால் கண்டக்டருக்கு மூக்கு சுருங்கிவிடும். இருசம்மாள் தலையிலிருந்து கூடையை இறக்கிப் படியில் வைத்ததுமே அவர் கையை நீட்டித் தடுத்தார்.

"இன்னாம்மா, மீனா?"

"மீனு இல்ல. கம்ப்யூட்டரு."

"வாசன தூக்குதே."

"கூடதான் மீன் கூட. உள்ள கீறது கம்ப்யூட்டரு. நம்பலைனா துணிய வெலக்கிப் பாரு."

அவர் விலக்கிப் பார்த்தார். பழைய சேலைத் துணிக்குள் கறுப்புப் பெட்டி ஒன்று ஒருக்களித்துக் கிடந்தது. முன் சீட்டில் இருந்த பெரியவர், "அதுக்கும் ஐஸு போட்டியாம்மா? கெட்டுடப் போவுது" என்றார். பஸ்ஸே சிரித்தது. இருசம்மாள் சிரிக்கவில்லை. விடிவதற்கு முன்னால் எழுந்து கருவாடு காயப்போட்டுவிட்டு, புருஷனுக்குக் கஞ்சி வைத்து மூடிவிட்டு, பாலம் கடந்து நடந்து வந்தவள். முழங்காலில் யாரோ ஊசி வைத்துத் தைப்பதுபோல இருந்தது. அந்தப் புரட்டாசி மாதத்தில் பொன்னேரிக்கு அது அவளுடைய மூன்றாவது பயணம்.

இருங்கள் கண்ணுகளா, முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன்.

லைட்ஹவுஸ் குப்பத்தில் மீனவர் சங்கத்துக்கு ஓர் அறை உண்டு. வலை பின்னும் ஷெட்டின் ஓரத்தில், ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்டது. அந்த அறையில் ஒரு கம்ப்யூட்டர். மீஞ்சூரில் ஒரு கம்பெனி ஆபீசை மூடியபோது தூக்கிக்கொண்டு வந்தது. வயது பன்னிரண்டோ பதிமூன்றோ. அதைத் தட்டத் தெரிந்தவள் குப்பத்தில் இருசம்மாள் ஒருத்திதான். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. ஆதார் நகல், ரேஷன் கார்டில் பேர் சேர்ப்பது, மீன்பிடித் தடைக்கால விண்ணப்பம் என்று ஒவ்வொன்றாகத் தப்பும் தவறுமாகத் தட்டித் தட்டியே வந்த பழக்கம்.

ஆனால் அந்தப் பெட்டியில் குப்பத்துக்கு உயிரான சங்கதி வேறு. அது பாட்டுப் பட்டியல்.

கடலில் யார் வேண்டுமானாலும் போகலாம், எங்கு வேண்டுமானாலும் வலை போடலாம். ஏரியில் அப்படி முடியாது. இறால் ஓடுகிற நல்ல இடங்கள் கொஞ்சம்தான். அங்கே கொம்பு நட்டு வலை கட்டுவதற்கு ஆளுக்கு ஒரு முறை வரும். அந்த முறைக்குத்தான் பாடு என்று பெயர். வருஷத்துக்கு ஒருமுறை சீட்டுப் போட்டு, இன்ன வீட்டுக்கு இன்ன இடம், இன்ன நாள் என்று பிரித்துக்கொள்வார்கள். அமாவாசையை ஒட்டிய நல்ல நாள் ஒரு வீட்டுக்கு வருஷத்தில் ஒரு தடவை வந்தால் பெரிது. விட்டால் விட்டதுதான்.

எட்டு வருஷத்துக்கு முன்னால் இரண்டு பெரிய மனிதர்களின் ஞாபகம் இரண்டு விதமாக இருந்ததில் நான்கு பேருக்கு மண்டை உடைந்தது. அதற்குப் பிறகு சங்கத்தில் ஒரு விதி போட்டார்கள்: பட்டியலில் ஏறியதுதான் பாடு. ஒருவருக்கொருவர் நாள் மாற்றிக்கொண்டாலும் பட்டியலில் ஏற்ற வேண்டும். வாய்ச்சொல் செல்லாது; தலைவரே சொன்னாலும் செல்லாது.

அப்படிப்பட்ட பெட்டிக்குள்ளிருந்து ஆவணி மாதத்தில் 'டிக், டிக்' என்று ஒரு சத்தம் வர ஆரம்பித்தது. நண்டு ஓடு தட்டுகிற மாதிரி. ஹார்டு டிஸ்க் சாகப்போகிறது என்று இருசம்மாளுக்குத் தெரிந்துவிட்டது. தலைவர் தருமலிங்கத்திடம் சொன்னாள். அவர் நல்ல மனிதர். ஆனால் எதையும் கேட்டுவிட்டுச் செய்கிற பழக்கம் இல்லை. மீஞ்சூரில் இருக்கிற மருமகனை விட்டு, 'இருக்கறதிலயே புதுசா' ஒரு டிஸ்க்கை போனிலேயே ஆர்டர் போடச் சொல்லிவிட்டார்.

வந்து சேர்ந்ததைப் பிரித்தால் உள்ளே பபிள்கம் பட்டை அளவுக்கு ஒரு பச்சைத் தகடு.

"இம்மாந்தானா?" என்றார் தருமலிங்கம். "டப்பாவ நல்லா ஒதறிப் பாரு இருசு, வேற எதுனா வுழுதா?"

"இவ்ளோதாங்க மாமா. இத்த எங்க சொருவறது?"

"அது உனக்குத்தான தெரியும்?"

அப்படித்தான் முதல் பயணம். பொன்னேரி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், செருப்புக் கடைக்கு மாடியில் இளவழகனின் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை. முப்பத்தைந்து வயதிருக்கும். தன் கடைக்கு வரும் எந்தப் பெட்டியையும் திட்டாமல் திறக்கமாட்டான்.

"யாருக்கா இத்த வாங்கினது? இந்த போர்டுல இதுக்கு எடமே கெடையாது. என்னக் கேட்டிருந்தா கேபிள் மாட்டற எஸ்எஸ்டி டிஸ்க்கு ஒண்ணு குடுத்திருப்பேன், இங்கியே மாட்டிகினு போயிருக்கலாம். திருப்பி அனுப்பிடுங்க."

"கவர கிழிச்சிட்டாரு."

"அப்ப செத்தோம்" என்று சொல்லி, அந்தத் தகட்டைச் செருகுவதற்கு ஒரு கார்டை வரவழைக்க வேண்டும் என்றான். நான்கு நாள் ஆகும்.

இரண்டாவது பயணத்தில் கார்டு வந்திருந்தது. போர்டில் இருக்கும் நீளமான பள்ளத்தில் கார்டைச் செருகி, கார்டில் தகட்டைப் படுக்க வைத்து, விண்டோசை ஏற்றினான். ஏறியது. பழைய டிஸ்க்கிலிருந்த பட்டியல், விண்ணப்பங்கள் எல்லாவற்றையும் அதில் கொட்டினான். எல்லாம் வேகமாக நடந்தது. அணைத்துப் போட்டான். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தாக ஒரே ஒரு வரி வந்து நின்றது. கிளப்புவதற்கு டிஸ்க் எதுவும் இல்லையாம்.

"இப்பதான இருந்திச்சி?" என்றாள் இருசம்மாள்.

"இருக்குது. ஆனா இதுக்குத் தெரியல." அன்று முழுக்க அவன் அதோடு மல்லுக்கு நின்றான். அவள் மாடிப்படியில் உட்கார்ந்து கடைசி பஸ்ஸுக்கு நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். வெறுங்கூடையோடு வீட்டுக்குப் போகவும் மனசில்லை. கனத்த கூடையோடு போகவும் தெம்பில்லை. கடைசியில் கனத்த கூடையோடுதான் போனாள், பழைய டிஸ்க்கையே மாட்டிக்கொண்டு, 'டிக், டிக்' என்று.

மூன்றாவது பயணத்தில்தான் இளவழகன் வழி கண்டுபிடித்திருந்தான். டீ வாங்கிக் கொடுத்து உட்காரவைத்துச் சொன்னான்.

"அக்கா, போர்டு பழசு. காலையில கண்ண முழிக்கறப்ப அதுக்கு நாலு பேரத்தான் அடையாளம் தெரியும். பழைய டிஸ்க்கு, சிடி, பென்டிரைவு, அந்த மாதிரி. இந்தப் புதுசு அது பொறந்தப்ப ஊர்லயே இல்ல. அதனால வாசல்ல நிக்கறவன யாருனே தெரியாம கதவ சாத்திடுது. முழிச்சி எழுந்து உக்காந்துட்டா அப்புறம் பிரச்சன இல்ல, எல்லாரையும் தெரியும்."

"அதுக்கு இன்னா பண்றது?"

"ரெண்டு வழி. போர்டுக்குள்ள பயாஸ்னு ஒண்ணு கீது. அத்த மாத்தி, இவனும் நம்ம ஆளுதான்னு எழுதி வைக்கலாம். எழுதறப்ப கரண்டு போனா போர்டே காலி. இங்கியே நேத்து ஏழு தபா போச்சு."

"இன்னொரு வழி இன்னா?"

அவன் நகக்கண் அளவுக்கு ஒரு பென்டிரைவை உள்ளங்கையில் வைத்துக் காட்டினான். "இத்த போர்டுக்குத் தெரியும். இது மொதல்ல எழுந்துக்கும். எழுந்து, புது டிஸ்க்க கூப்ட்டு எழுப்பிவுடும். அவ்ளோதான் இதோட வேல, பத்து செகண்டு. ஆனா இது இல்லனா ஒண்ணும் இல்ல. பின்னாடி சொருவிட்டேன். கழட்டவே கூடாது."

"பழைய டிஸ்க்கு?"

"உள்ளயே கெடக்கட்டும். ரெண்டு ஒயரையும் அவுத்துட்டேன். ரெண்டு பேரும் ஒண்ணா இருந்தா யாரு முன்ன எழுந்துக்கறதுனு குழம்பும்."

அவன் மூன்று தடவை திறந்து மூடியதைப் பார்த்துப் பார்த்து எந்த ஒயர் எங்கே போகிறது என்பது அவளுக்கு மனப்பாடம் ஆகியிருந்தது. பெட்டியைக் கொண்டுவந்து அறையில் வைத்துக் கிளப்பினாள். கண் மூடித் திறப்பதற்குள் எழுந்து நின்றது. சத்தமே இல்லை. தருமலிங்கம் வந்து பார்த்துவிட்டு, "பாத்தியா, புதுசு புதுசுதான்" என்றார். இருசம்மாள் கால்களை நீட்டி உட்கார்ந்திருந்தாள்.

அப்போது வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தவன் பொன்னுரங்கம். அவளுடைய கொழுந்தன். கடலுக்குப் போகிறவன், சாயங்காலங்களில் சங்கத்து அறையைப் பூட்டுகிற பொறுப்பும் அவனுடையது. சாவி அவன் அரைஞாணில்.

"இன்னா அண்ணி அது, பின்னால குட்டியா?"

"இதுதான் இத்த கெளப்பறது. இது இல்லனா எழுந்துக்காது."

"அப்ப எஞ்சின் ஹேண்டிலுனு சொல்லு" என்றான் பொன்னுரங்கம்.

"ஆமா, அந்த மாதிரிதான்" என்று சொல்லி வைத்தாள் இருசம்மாள். களைப்பில் சொன்னது.

ஐப்பசியில் அவள் புருஷன் தாமோதரன் முகத்துவாரத்தில் மணல் திட்டில் தட்டிய படகைத் தள்ளும்போது இடுப்பைப் பிடித்துக்கொண்டு விழுந்தான். முதுகுத் தண்டில் தட்டு விலகிவிட்டது என்றார்கள். பதினாறு நாள் ஆஸ்பத்திரி. அந்தப் பதினாறு நாளுக்குள் அவனுடைய பாடு வந்தது. ஐப்பசி அமாவாசைப் பாடு. வலை கட்ட ஆள் இல்லை; பொன்னுரங்கமும் அண்ணனுக்குத் துணையாக ஆஸ்பத்திரியில் கிடந்தான். அப்போதுதான் வடிவேலு வந்தான். 'உன் பாட்டை இப்போது நான் கட்டிக்கொள்கிறேன், தை மாதம் வருகிற என் பாட்டை உனக்குத் தருகிறேன்' என்றான். தாமோதரன் படுக்கையில் கிடந்தபடியே சரி என்றான். இருசம்மாள் குப்பத்துக்கு வந்து, தருமலிங்கத்தையும் வடிவேலுவையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, பட்டியலில் அந்த வரியை ஏற்றினாள். இரண்டு பேருக்கும் கேட்கும்படி படித்தும் காட்டினாள்.

கோவில் சுவரில் ஒட்டியிருந்த காகிதப் பட்டியல் கார்த்திகை மழையில் கரைந்து போனது. எல்லோர் போனிலும் இருப்பது ஆனி மாதம் சீட்டுப் போட்டபோது எடுத்த படம். அதில் மாற்றியது இல்லை. புதிதாக ஒன்று அச்சடித்து ஒட்ட வேண்டும் என்று இருசம்மாள் தினம் நினைத்தாள். ஆஸ்பத்திரி, கருவாடு, அவனைத் தூக்கி உட்கார வைப்பது, திரும்பப் படுக்க வைப்பது. நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிப்போனது. அவள் சோம்பேறி இல்லை கண்ணுகளா. ஓர் உடம்பில் எத்தனை வேலை ஏறும் சொல்லுங்கள்.

தை பிறந்தது. அமாவாசைக்கு இரண்டு நாள் முன்னால் டீக்கடையில் வடிவேலு சொன்னானாம்: "ஐப்பசியில தாமு பாடு சும்மா கெடந்திச்சி, நான் கட்டினேன். மாத்தறதுனு யாரு சொன்னா? என் தை பாட்ட நான் வுடமாட்டேன்."

அவனுக்கும் கஷ்டம்தான். மார்கழியிலிருந்து அவன் படகு எஞ்சின் கெட்டுப் பிரித்துப்போட்டுக் கிடந்தது. கடலுக்குப் போகாத வீட்டுக்கு ஏரிதான் கதி. கஷ்டம் யாருக்குத்தான் இல்லை? தாமோதரன் வீட்டில் மூன்று மாதமாகக் கஞ்சிதான்.

அமாவாசைக்கு மூன்றாம் நாள்தான் அந்தப் பாடு. மதியத்துக்கு மேல் ஏரித் தண்ணீர் வடியத் தொடங்கும். அதற்குள் கொம்பு நட்டு வலை கட்டியாக வேண்டும். அன்று காலை ஒன்பது மணிக்குச் சங்கத்து அறையில் பட்டியலைத் திறந்து பார்த்துவிடுவது என்று தருமலிங்கம் சொல்லிவிட்டார். "எனக்கு ஞாபகம் கீது வடிவேலு. ஆனா என் ஞாபகம் செல்லாது. பெட்டி இன்னா சொல்லுதோ அதான்."

"பெட்டி சொல்லட்டும் பாப்போம்" என்றான் வடிவேலு.

ஒன்பது மணிக்கு ஷெட்டில் இருபது பேருக்கு மேல் கூடிவிட்டார்கள். வடிவேலுவின் ஆட்கள் விடிகாலையிலேயே கொம்புகளை ஏற்றிக்கொண்டு ஏரிக்குப் போய்விட்டதாகப் பேச்சு. தலைவரிடம் இருந்த மாற்றுச் சாவியால் அறையைத் திறந்தார்கள். இருசம்மாள் நாற்காலியில் உட்கார்ந்து பட்டனை அழுத்தினாள். விசிறி சுற்றியது. கறுப்புத் திரை. வெள்ளை எழுத்தில் ஒரே வரி.

பொன்னேரியில் பார்த்த அதே வரி. அவள் எழுந்து பெட்டியின் பின்னால் கை விட்டுத் தடவினாள். பென்டிரைவ் இல்லை.

மேசைக்கு அடியில் பார்த்தாள். தரையைத் துழாவினாள். இல்லை. நிமிர்ந்தபோது அவள் கண் நேராக வடிவேலு மேல் போய் நின்றது.

"இங்க ஒண்ணு சொருவி இருந்திச்சி. யாரு எடுத்தது?"

"இன்னாத்துக்கு என்னப் பாக்கற?"

"கேக்கறேன். யாரு கை வச்சது?"

"இருசம்மா!" வடிவேலுவின் கழுத்து நரம்பு புடைத்தது. "இந்தப் பேச்சு வாணாம். நான் ஏமாத்தினாலும் ஏமாத்துவேன், திருட மாட்டேன்!"

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். "அப்ப ஏமாத்தறத ஒத்துகினியா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல். இருசம்மாளின் ஓரகத்தி, பொன்னுரங்கத்தின் பெண்டாட்டி சுதா. வடிவேலு திரும்பி முறைத்தான்.

"பெட்டி சொல்லட்டும்னீங்க. பெட்டி செத்துக் கெடக்குது. இப்ப இன்னா?" என்றான் தருமலிங்கத்திடம். அவர் வாட்சைப் பார்த்தார். "பத்தரை வரிக்கும் பாப்போம். அதுக்கப்பால ஆனி மாச படத்துல கீற மாதிரிதான்."

ஆனி மாதப் படத்தில் அந்த நாள் வடிவேலு பேரில் இருந்தது.

இருசம்மாள் இளவழகனுக்கு போன் போட்டாள். எடுக்கவில்லை. எடுத்தாலும் பொன்னேரியிலிருந்து அவன் பஸ் பிடித்து வருவதற்குள் ஏரி வடிந்துவிடும். அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். அழுகை வரவில்லை, அதற்கும் தெம்பு வேண்டும் இல்லையா. வீட்டில் பாயில் கிடப்பவனிடம் போய் என்ன சொல்வது என்று மட்டும் யோசித்துக்கொண்டிருந்தாள்.

பத்து மணி வாக்கில் கடற்கரைப் பக்கம் படகுகள் கரையேறும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் பொன்னுரங்கம் ஓடி வந்தான். மார்பு வரை நனைந்திருந்தான். கையில் அவன் எஞ்சின் ஹேண்டில்.

அவர்கள் கரையில் அது ஒரு வழக்கம். ஃபைபர் படகின் டீசல் எஞ்சினைக் கைப்பிடி போட்டுச் சுற்றித்தான் கிளப்ப வேண்டும். கரையேறியதும் அந்த ஹேண்டிலைக் கழற்றிக் கையோடு எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். ஹேண்டிலைப் படகிலேயே விட்டுவிட்டு வருகிறவனை யாரும் ஆளாகவே மதிக்கமாட்டார்கள்.

"அண்ணி! பயப்படாத. பத்திரமா கீது!"

ஹேண்டிலின் துளையில் நைலான் கயிறு கட்டியிருந்தது. கயிற்றின் நுனியில் அந்த நகக்கண் அளவு பென்டிரைவ் ஆடிக்கொண்டிருந்தது. அதிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"டீக்கடையில இவன் பேசினத அன்னிக்கே கேட்டேன். எவனா வந்து கைய வச்சிட்டா? அதான் நேத்து பூட்டறப்ப கழட்டிகினு வந்துட்டேன். வூட்ல வச்சா கொழந்தைங்க எடுக்கும். ஹேண்டில் கூடவே கட்டிகினா எங்கயும் போவாதுனு..." அண்ணியின் முகத்தைப் பார்த்து அவன் குரல் இறங்கியது. "நீதான சொன்ன, இது ஹேண்டிலு மாதிரினு."

"கடலுக்கு எடுத்துகினு போடானு சொன்னேனா?"

"ஹேண்டில் இல்லாம எப்பிடி அண்ணி கடலுக்குப் போறது?"

வடிவேலு இரண்டு கையையும் விரித்து எல்லோரையும் பார்த்தான். "நல்லா பாத்துக்கோங்கப்பா. திருடன் யாருனு." இப்போது சிரித்தவர்கள் அவனோடு சேர்ந்து சிரித்தார்கள்.

இருசம்மாள் பென்டிரைவை முந்தானையில் துடைத்தாள். ஊதினாள். செருகினாள். எப்போதும் பச்சையாகக் கண் சிமிட்டும் அது சிமிட்டவில்லை. அதே கறுப்புத் திரை, அதே வரி. உப்புத் தண்ணீர் தன் வேலையைச் செய்துவிட்டது.

பொன்னுரங்கம் தலையில் கை வைத்துக்கொண்டு வாசலிலேயே குந்திவிட்டான். பார்க்கப் பாவமாக இருந்தது. அவனைத் திட்டுவதற்காக வாயைத் திறந்தவள், திட்டாமல் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். இதற்கு நான்கு பேரைத்தான் தெரியும். பென்டிரைவைத் தெரியும், அது செத்துவிட்டது. வேறு யாரைத் தெரியும்?

"சுதா, தையல் மிசினுக்கு வச்சிருக்கியே ஸ்க்ரூடிரைவரு, அத்த எடுத்துகினு வா."

கரண்டைப் பிடுங்கிவிட்டுப் பக்கத் தகட்டைக் கழற்றினாள். துருப்பிடித்த திருகு ஒன்று வரவில்லை; பொன்னுரங்கம் எழுந்து வந்து பல்லைக் கடித்துக்கொண்டு திருகினான். உள்ளே, கீழ்த் தட்டில், தூசி மூடிப் பழைய டிஸ்க் கிடந்தது. பக்கத்திலேயே தொங்கிய இரண்டு ஒயர்கள். அகலமானது ஒன்று, சிறியது ஒன்று. இரண்டையும் அழுத்திச் செருகினாள். கரண்டைப் போட்டாள்.

டிக்.

டிக், டிக்.

"சாவலியா இது இன்னும்?" என்றார் தருமலிங்கம்.

திரையில் வெளிச்சம் வந்தது. புள்ளிகள் வட்டமாகச் சுற்றின. சுற்றிக்கொண்டே இருந்தன. ஐந்து நிமிஷம் ஆனது. எட்டு நிமிஷம் ஆனது. இருபது பேரும் வலை மேல் உட்கார்ந்து அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். பத்தரை ஆனதை யாரும் சொல்லவில்லை. வடிவேலு வாட்சைக் காட்டினான். தருமலிங்கம் பார்க்காதவர் மாதிரி வெற்றிலையை மடித்தார். இருசம்மாள் மட்டும் பெட்டியின் மேல் உள்ளங்கையை வைத்திருந்தாள். இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று மனசுக்குள் அதோடு பேசிக்கொண்டிருந்தாள்.

பதினோராம் நிமிஷம் பழைய திரை வந்தது. புரட்டாசி மாதத்தில் விட்டது விட்டபடியே. எழுந்து உட்கார்ந்துவிட்டால் எல்லோரையும் தெரியும் என்று இளவழகன் சொன்னது சரிதான். பக்கத்தில் புது டிஸ்க்கும் ஒரு கட்டமாக வந்து நின்றது. அதைத் திறந்தாள். சங்கம். பாட்டுப் பட்டியல். அவசரத்தில் இரண்டு தடவை தப்பாகத் தட்டினாள்.

வரி இருந்தது. அவள் எழுந்து தள்ளி நின்றுகொண்டாள். தான் படித்தால் தன் வாய்ச்சொல் ஆகிவிடும் என்று. தருமலிங்கம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு சத்தமாகப் படித்தார். "ஐப்பசி அமாவாசப் பாடு தாமோதரன். வடிவேலு கட்டறாரு. அதுக்கு மாத்து, தை அமாவாசைக்கு மூணாம் நாள், வடிவேலு பாடு, தாமோதரன் கட்டறாரு. தேதி கீது. ரெண்டு பேரும் கேட்டதுனு கீது."

"எல்லாரும் போன எடுங்க" என்றாள் இருசம்மாள். "இத்த படம் புடிங்க. எல்லாரும். சீக்கிரம்." இருபது போன்கள் எழுந்தன. கடைசி ஆள் எடுத்துக்கொண்டிருக்கும்போது 'டிக்' சத்தம் வேகமாகி, ஒரு கீச்சலாகி, நின்றது. திரை உறைந்துவிட்டது. அப்புறம் எத்தனை தடவை தட்டியும் அந்தப் பழைய டிஸ்க் எழுந்திருக்கவில்லை.

வடிவேலு துண்டை உதறித் தோளில் போட்டான்.

"சரி. பெட்டி சொல்லிடுச்சி." வாசல் வரை போய்த் திரும்பினான். "பொன்னு, அங்க கொம்பு நட்டாச்சி. புடுங்கி மறுபடியும் நடறதுக்குள்ள தண்ணி வடிஞ்சிரும். நீ வலைய மட்டும் கொணாந்து கட்டு. கொம்ப நாளைக்கு வந்து எடுத்துக்கறேன்."

"ஆளு பத்தாதுண்ணா" என்றான் பொன்னுரங்கம், தலை நிமிராமல்.

"அத்தையும் நான்தான் குடுக்கணுமா?" என்று எரிந்து விழுந்தான் வடிவேலு. ஆனால் ஏரிப் பக்கம்தான் நடந்தான்.

இருசம்மாள் வீட்டுக்கு வந்தாள். தாமோதரன் பாயில் கிடந்தபடி கதவையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"இன்னா ஆச்சி?"

"வலை எடுத்துகினு போயிருக்கான் உன் தம்பி."

அவன் கண்ணை மூடிக்கொண்டான். கண்ணோரம் ஈரம் காதுப் பக்கம் வழிந்தது. அதைத் துடைத்துவிட்டு அவள் பக்கத்திலேயே வெறுந்தரையில் தலையைச் சாய்த்தாள். "கொஞ்சம் படுத்துக்கறேன். யாராவது கேட்டா நான் இல்ல."

இறால் வந்தது. வாரிக் கொட்டவில்லை, வராமலும் போகவில்லை. அந்த மாதத்தைத் தாண்டப் போதும்.

மறு வாரம் இருசம்மாள் மறுபடியும் கூடையோடு பஸ் ஏறினாள். அதே கண்டக்டர். "மீனா, கம்ப்யூட்டரா?" என்று கேட்டுவிட்டு, அவரே கூடைக்கு இடம் ஒதுக்கினார். இளவழகன் கதையைக் கேட்டு டீ புரையேறும்வரை சிரித்தான். பிறகு, புது பென்டிரைவ் ஒன்றைத் தயார் செய்து, வெளியில் செருகாமல் பெட்டிக்கு உள்ளேயே, போர்டிலிருந்து வரும் ஒரு ஒயரில் மாட்டி டேப் சுற்றினான். இன்னொன்றைத் தயார் செய்து அவள் கையில் தனியாகக் கொடுத்தான். அதை அவள் அரிசிப் பானையில் போட்டு வைத்தாள்.

அன்று சாயங்காலம் பூட்ட வந்த பொன்னுரங்கம் பெட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தான். பின்னால் குனிந்து பார்த்தான்.

"அண்ணி, அந்தக் குட்டி எங்க?"

"உள்ள போயிடுச்சி."

"அப்ப கழட்டறதுக்கு ஒண்ணும் இல்லியா?"

"இல்ல. கதவ மூடு."

அவன் மூடினான். பூட்டினான். பூட்டை இழுத்துப் பார்த்தான். இரண்டடி நடந்து நின்றான். எதையோ விட்டுவிட்டு வந்த மாதிரி கை இரண்டையும் பார்த்துக்கொண்டு நின்றவனைப் பார்த்தால், இவன் இன்றைக்குத் தூங்கமாட்டான் என்று அவளுக்குத் தோன்றியது. பெருமூச்சு விட்டு, சாவியை வாங்கிக் கதவைத் திறந்தாள். பெட்டியின் பின்னாலிருந்து கரண்டு ஒயரைப் பிடுங்கினாள். தடித்த கறுப்பு ஒயர். எந்தக் கடையிலும் கிடைப்பது.

"இந்தா. இது இல்லனாலும் கெளம்பாது."

பொன்னுரங்கத்தின் முகம் மலர்ந்தது. ஒயரைச் சுருட்டித் தோளில் மாட்டிக்கொண்டான்.

"டேய்" என்றாள் இருசம்மாள். "கடலுக்கு எடுத்துகினு போவாத."

"சேச்சே" என்று சொல்லிவிட்டு, அவன் அதைத் தடவிக்கொண்டே நடந்தான்.